ஐஎஸ்ஓவை ஜிப்பாக மாற்றுவது எப்படி: வாலை மட்டும் மாற்றினால் போதாது, அண்ணே

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்த ஓர் அண்ணன் தம்ப்டிரைவ் ஒன்றை என் மேசையில் வைத்தார். உள்ளே ஒன்பது கோப்புகள். "தங்கச்சி, ஐஎஸ்ஓ எல்லாத்தையும் ஜிப்பா மாத்திட்டேன். ஆனா மக போன்ல தொறக்க மாட்டேங்குது" என்றார்.

செருகிப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. கோப்புப் பெயரின் வாலில் இருந்த ஐஎஸ்ஓவை அழித்துவிட்டு ஜிப் என்று தட்டியிருக்கிறார், அவ்வளவுதான். மைலோ டின்னில் முறுக்கைப் போட்டு வைப்பது நம் வீட்டு வழக்கம்தான். அதற்காக முறுக்கு மைலோ ஆகிவிடுமா?

பினாங்கில் லெபோ பாசார் பக்கத்தில் நான் போட்டோஸ்டேட் கடை நடத்துகிறேன். ஒரு காலத்தில் கல்யாண ஸ்டூடியோக்களுக்கு சிடி எரித்துக் கொடுப்பதுதான் பாதி வருமானம். அப்போது எரித்ததெல்லாம் இப்போது வட்டாக இல்லாமல், யாரோ எப்போதோ எடுத்து வைத்த வட்டுப் படிமமாகத் திரும்பி வருகிறது. மாதத்துக்கு நாலைந்து பேராவது வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: போனில் திறக்கிற மாதிரி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி ஜிப்பாக வேண்டும். அண்ணனின் ஒன்பது கோப்புகளை வைத்தே அதை எப்படிச் செய்வது என்று சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். வட்டுப் படிமம் (ஐஎஸ்ஓ அதில் ஒரு வகை) என்பது சிடியையோ டிவிடியையோ தொடக்கம் முதல் கடைசி வரை அப்படியே அச்செடுத்த நகல். கோப்புகள் மட்டுமல்ல, அவை வட்டில் எங்கே உட்கார்ந்திருந்தன, வட்டின் பெயர் என்ன, கணினியைத் தொடங்கும் பகுதி இருந்ததா என்பதெல்லாம் அதில் உண்டு. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்திலிருந்துதான் ஐஎஸ்ஓ என்ற பெயரே வந்தது. ஜிப் அப்படியில்லை. அது வெறும் மூட்டை. 1989-இல் பில் காட்ஸ் கொண்டுவந்தது. கோப்புகளையும் ஃபோல்டர்களையும் கட்டி, முடிந்தால் அமுக்கி வைக்கும். ஆகவே மாற்றுவது என்றால் இரண்டே வேலை: படிமத்திலிருந்து கோப்புகளை வெளியே எடுப்பது, எடுத்ததை மூட்டை கட்டுவது. ஒரே பொத்தானில் மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருளும் உள்ளுக்குள் இதைத்தான் செய்கிறது.

ஐஎஸ்ஓவையே அப்படியே ஜிப்புக்குள் போட்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் வாங்குகிறவர் ஜிப்பைத் திறந்தால் உள்ளே மறுபடியும் ஐஎஸ்ஓ. அண்ணனின் மகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மாற்றக் கூடாதவை

தம்ப்டிரைவில் இருந்த நான்கு ஐஎஸ்ஓக்களில் ஒன்று விண்டோஸ் நிறுவும் வட்டு. அதைத் தொடவில்லை. அதன் உயிரே கணினியைத் தொடங்கி வைக்கும் பகுதியில் இருக்கிறது. கோப்புகளை எடுத்து ஜிப்பாகக் கட்டினால் கோப்பெல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் பிறகு அதை வைத்துக் கணினியைத் தொடங்க முடியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? செவன்-ஜிப் என்ற மென்பொருளில் திறந்து பார்க்கும்போது சதுர அடைப்புக்குள் 'பூட்' என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தால் அது தொடங்கும் வட்டு. மூடிவிடுங்கள். வட்டு உள்ளே இருக்கிறதா என்று கேட்கும் பழைய விளையாட்டுகளும் அகராதி சிடிகளும் இதே ரகம்தான். அவை ஐஎஸ்ஓவாகவே இருக்கட்டும்.

சினிமா டிவிடியின் ஐஎஸ்ஓவையும் நான் பெரும்பாலும் மாற்றுவதில்லை. வி.எல்.சி பிளேயர் அந்த ஐஎஸ்ஓவை நேரடியாகவே ஓட்டும், மெனுவோடு. ஜிப்பாக்கினால் ஒவ்வொரு முறையும் பிரித்த பிறகுதான் பார்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓவைப் பிரித்துக் கட்டுவது

நான் பயன்படுத்துவது செவன்-ஜிப். இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்டது, இன்றும் இலவசம். வின்ராரும் ஐஎஸ்ஓவைத் திறக்கும். வின்ராரில் மட்டுமே கட்டக்கூடிய ரார் வடிவம் எனக்குப் பிடிக்காது. வாங்குகிறவரும் அதற்கென ஒன்றைத் தேடி நிறுவ வேண்டியிருக்கலாம்.

தொடங்குமுன் கணினியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபி ஐஎஸ்ஓ என்றால் பிரித்ததற்கு ஒரு 4 ஜிபி, ஜிப்புக்கு இன்னொரு 4 ஜிபி. தம்ப்டிரைவிலேயே வைத்துப் பிரிக்காதீர்கள். முதலில் கணினிக்கு நகலெடுங்கள், அப்புறம் தம்ப்டிரைவைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அதுதான் மூலம், அதில் கை வைக்கக் கூடாது.

அண்ணன் மாற்றி வைத்திருந்த பெயர்களை முதலில் பழையபடி ஐஎஸ்ஓ ஆக்கினேன். நல்ல வேளை, பெயரை மாற்றியதால் உள்ளே எதுவும் கெட்டுப்போகாது. பிறகு கோப்பின் மேல் வலது சொடுக்கு, செவன்-ஜிப், அதில் கோப்பின் பெயரிலேயே ஃபோல்டர் போட்டுப் பிரிக்கும் 'எக்ஸ்ட்ராக்ட் டு' வரி. விண்டோஸ் 11-இல் செவன்-ஜிப் முதல் மெனுவில் தெரியாவிட்டால், 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' தட்டினால் வரும். 'எக்ஸ்ட்ராக்ட் ஹியர்' மட்டும் வேண்டாம். ஆயிரம் படங்கள் டெஸ்க்டாப்பில் கொட்டிவிட்டு, எது எங்கிருந்து வந்தது என்று பொறுக்கிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

எதையும் நிறுவ மனமில்லை என்றால் விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓவை இரட்டைச் சொடுக்கினாலே போதும், சிடி போட்ட மாதிரி புதிதாக ஒரு டிரைவ் தோன்றும். அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொண்டு, முடிந்ததும் அந்த டிரைவை எஜெக்ட் செய்துவிடலாம். வேறு மென்பொருள் குறுக்கே வந்து திறந்தால், வலது சொடுக்கில் 'மவுன்ட்' இருக்கும். மேக்கிலும் இரட்டைச் சொடுக்குதான். நகலெடுத்த ஃபோல்டரை வலது சொடுக்கில் 'கம்ப்ரெஸ்' செய்தால் ஜிப் தயார்.

பிரித்ததும் ஃபோல்டருக்குள் போய்க் கண்ணால் பாருங்கள். ஒரே ஒரு சின்ன ரீட்மீ கோப்பு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த வட்டில் யுடிஎஃப் என்ற இன்னொரு கோப்பு அமைப்பு இருக்கிறது, நீங்கள் பயன்படுத்தும் பழைய மென்பொருளுக்கு அது தெரியவில்லை என்று பொருள். புதிய செவன்-ஜிப்போ விண்டோஸின் மவுன்டோ அதைக் காட்டிவிடும். பெயர்கள் எல்லாம் எட்டெழுத்துக்குள் சுருங்கிப் பெரிய எழுத்தில் நின்றால், வட்டை எரித்தவர் நீண்ட பெயருக்கான ஜோலியட்டைப் போடவில்லை. பெயர் போனது போனதுதான், படம் இருக்கும்.

இப்போது மூட்டை கட்டலாம். உள்ளே இருக்கும் கோப்புகளைத் தேர்ந்தெடுக்காமல், ஃபோல்டரையே வலது சொடுக்கி 'ஆட் டு ஆர்க்கைவ்' கொடுங்கள். திறக்கும் பெட்டியில் 'ஆர்க்கைவ் ஃபார்மட்' ஜிப். அதற்குக் கீழே 'கம்ப்ரெஷன் லெவல்' என்று ஒன்று. இந்த இடத்தில்தான் பலரும் வீணாகக் காத்திருக்கிறார்கள். கல்யாணப் படங்கள் ஜேபெக், வீடியோ எம்பெக், பாட்டு எம்பி3. இவை ஏற்கெனவே அமுக்கப்பட்டவை. பிழிந்த தேங்காய்ப்பூவை மறுபடி பிழிந்தால் எவ்வளவு பால் வரும்? அண்ணனின் முதல் ஐஎஸ்ஓ 681,574,400 பைட், முழுக்கப் படங்கள். 'அல்ட்ரா'வில் போட்டாலும் பெரிதாகக் குறையப் போவதில்லை, கணினியின் விசிறிதான் கத்தும். 'ஸ்டோர்' என்று வையுங்கள். அமுக்காமல் கட்டும், நகலெடுக்கும் வேகத்தில் முடிந்துவிடும். கணக்குப் புத்தகம், வேர்ட் கோப்பு, ஸ்கேன் செய்த பிஎம்பி என்றால் 'நார்மல்' வையுங்கள், நன்றாகச் சுருங்கும்.

செவன்-இசட் வடிவத்தில் கட்டினால் இன்னும் சின்னதாகுமே என்று கேட்கலாம். ஆவணங்களுக்கு ஆகும். ஆனால் அது பல கோப்புகளைச் சேர்த்து ஒரே கட்டியாக அமுக்கும். நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளவையும் போய்விடலாம். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனி, ஒன்று கெட்டால் ஒன்றோடு போகும். குடும்பப் படத்துக்கு ஜிப் போதும் என்பது என் கட்சி.

அளவையும் கொஞ்சம் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு 2 ஜிபி வரை போகும், ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பிதான். பழைய தம்ப்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபியைத் தொடும் கோப்பு எதையும் ஏற்காது; இடம் காலியாக இருந்தாலும் இடமில்லாத மாதிரியே முரண்டு பிடிக்கும். செவன்-ஜிப்பில் துண்டு போடும் வசதி உண்டு, 'ஸ்ப்லிட் டு வால்யூம்ஸ்' பட்டியலில் ஃபேட்டுக்கென்றே 4092 எம்பி என்று ஒரு வரியும் இருக்கும். ஆனால் அந்த 001, 002 துண்டுகளைப் போனில் திறக்கத் தெரியாமல் தவிப்பார்கள். அதைவிட, காலையில் நலங்கு ஒரு ஜிப், மாலையில் வரவேற்பு ஒரு ஜிப் என்று இரண்டாகவே கட்டிவிடுங்கள்.

மூன்று ஐஎஸ்ஓக்களும் இப்படி அரை மணி நேரத்தில் முடிந்தன. விண்டோஸ் வட்டையும் கழித்தால் மிச்சம் ஐந்து.

வகுத்துப் பார்த்தால் தெரியும்

ஐஎஸ்ஓ அல்லாத படிமம் வந்தால் நான் முதலில் எடுப்பது கால்குலேட்டர். கோப்பின் 'ப்ராபர்ட்டீஸ்' திறந்து, எம்பி கணக்கை விட்டுவிட்டு, பைட் கணக்கைப் பாருங்கள். அதை 2048-ஆல் வகுத்து மிச்சம் வரவில்லை என்றால் அது உள்ளுக்குள் ஐஎஸ்ஓ மாதிரியே இருக்க வாய்ப்பு அதிகம். வால் என்னவாக இருந்தாலும் செவன்-ஜிப்பில் 'ஓப்பன் ஆர்க்கைவ்' கொடுத்துப் பாருங்கள். 2352-ஆல் சரியாக வகுபட்டால் அது பச்சைப் படிமம். சிடியில் தரவு செக்டர் எனும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும், ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட் உண்டு. தரவு வட்டில் அதில் 2048தான் நம் கோப்பு, மீதி முகவரியும் பிழை திருத்தும் குறியும். ஐஎஸ்ஓ அந்த மீதியை உதறிவிடும், 'பின்' (bin) என்று வால் கொண்ட கோப்பு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும்.

"700 எம்பி சிடிக்கு எப்படி தங்கச்சி 800 எம்பிக்கு மேல கோப்பு வரும்?" என்று அண்ணன் கேட்டதற்கும் பதில் இதுதான். 80 நிமிட சிடியில் 360,000 செக்டர். 2048-ஆல் பெருக்கினால் 737,280,000. 2352-ஆல் பெருக்கினால் 846,720,000. வட்டு ஒன்றுதான், எடுத்த விதம் வேறு.

அண்ணனிடம் இருந்த 'பின்', 'க்யூ' (cue) கோப்பு ஜோடி அப்படிப்பட்டது. இரண்டையும் பிரிக்காதீர்கள். க்யூ கோப்பு ஒரு கேபி கூட இருக்காது, நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. சாதாரணத் தரவு சிடியாக இருந்தால் வின்சிடிஈமு என்ற இலவச மென்பொருளை நிறுவி, க்யூ கோப்பை இரட்டைச் சொடுக்கினால் டிரைவாகத் தோன்றும். நகலெடுத்து, முன் சொன்னபடி கட்ட வேண்டியதுதான். க்யூவில் 'ஆடியோ' என்று எழுதியிருந்தால் அது பாட்டு சிடி. உள்ளே கோப்பென்று எதுவும் கிடையாது, ஜிப்பாக்கவும் ஒன்றுமில்லை. பாட்டாகத்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

விசிடியாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். நான் அடி வாங்கிய இடம் இது.

நம் ஊரில் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, தண்ணீர்மலைத் தைப்பூசம் எல்லாம் விசிடிதான். கடை தொடங்கிய புதிதில் ஓர் அக்கா தன் கல்யாண விசிடியைக் கொடுத்து, கணினியில் போட்டு வைக்கச் சொன்னார். நான் கெட்டிக்காரத்தனமாக ஐஎஸ்ஓவாக எடுத்தேன். கோப்புப் பட்டியல் அழகாகத் தெரிந்தது, வீடியோ இருக்கும் டாட் கோப்பு பெரிதாகவே இருந்தது. ஓட்டிப் பார்க்காமல் ஜிப்பாக்கிக் கொடுத்துவிட்டேன். வட்டு ஏற்கெனவே கீறல் விழுந்தது என்று அவர் வீட்டில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தார். தாலி கட்டும் காட்சி கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் விட்டு விட்டு வந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. விசிடியில் வீடியோ இருக்கும் செக்டர்கள் வேறு வகை. பிழை திருத்தும் குறிக்கு இடம் ஒதுக்காமல், ஒரு செக்டருக்கு 2324 பைட் வீடியோவை அடைத்திருப்பார்கள். ஐஎஸ்ஓ 2048 பைட்டுக்கு மேல் பிடிக்காது. ஒவ்வொரு செக்டரிலும் 276 பைட் காணாமல் போகிறது. நொடிக்கு 75 செக்டர். எப்படிப் படம் ஓடும்? அதனால் விசிடியை எப்போதும் பின், க்யூவாகத்தான் எடுக்க வேண்டும், அதிலிருந்து வீடியோவை எடுக்கவும் அதற்கான வழி வேண்டும்.

அண்ணனின் பின் கோப்பு நல்ல வேளையாக முழுசாக இருந்தது. ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் க்யூவைத் திறந்தேன். இடது பக்கம் தடங்கள் வரிசையாக வந்தன: முதல் தடம் சின்னது, இரண்டாவதில்தான் வீடியோ. அந்தத் தடத்தை வலது சொடுக்கினால் பிரித்தெடுக்கும் வகைகள் வரும். அதில் எம்பெக் வீடியோ பிரேம்களை மட்டும் வடிகட்டி எடுக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஓர் எம்பிஜி கோப்பு கிடைத்தது. வி.எல்.சியில் போட்டால், 352-க்கு 288 அளவில் சின்னதாக, வெள்ளி ரதம் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. சாலையில் தேங்காய் உடைக்கிற சத்தம் வரை கேட்டது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த எம்பிஜியை 'ஸ்டோர்' போட்டு ஜிப்பாக்குவதற்குள் இரண்டு பேருக்கு போட்டோஸ்டேட் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நீரோ என்ற சிடி எரிக்கும் மென்பொருளில் எடுத்த என்ஆர்ஜி கோப்பு அவ்வளவு தொல்லை இல்லை, வின்சிடிஈமு திறந்துவிட்டது. ஆனால் 300 படம் இருக்க வேண்டிய இடத்தில் 40தான் தெரிந்தது. ஒரே சிடியில் வெவ்வேறு நாளில் எரித்திருந்தால் இப்படி ஆகும். ஐசோபஸ்டரில் ஒவ்வொரு முறை எரித்ததும் ஒரு செஷனாகத் தனித்தனியாகத் தெரியும், ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐஎம்ஜி கோப்பைப் பார்த்ததுமே சிரித்துவிட்டேன். அளவு 1,474,560 பைட். பழைய மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் அளவு அது, மனப்பாடம். செவன்-ஜிப்பே திறந்தது. உள்ளே கோவில் திருவிழா நன்கொடைப் பட்டியல், திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல். கோப்பு கெடவில்லை, யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் தட்டியது. அப்படியே ஜிப்பில் போட்டுவிட்டேன், எழுத்தை மாற்றுவது இன்னொரு நாள் வேலை.

அழிப்பதற்கு முன்னால்

கட்டிய ஜிப்பை வலது சொடுக்கி, செவன்-ஜிப்பில் 'டெஸ்ட் ஆர்க்கைவ்' கொடுங்கள். பிழை பூஜ்யம் என்று வர வேண்டும். பிரித்த ஃபோல்டரில் எத்தனை கோப்பு, எத்தனை பைட் என்பதை ஜிப்புக்குள் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஆனால் இந்தச் சோதனை, மூட்டை சரியாகக் கட்டப்பட்டதா என்றுதான் சொல்லும். உள்ளே போட்டதே உடைந்த விசிடி வீடியோவாக இருந்தால் அதற்கும் 'சரி' என்றே சொல்லும். அதனால் ஜிப்பை வேறொரு கணினியிலோ போனிலோ பிரித்து, முதல் படம், நடுப் படம், கடைசிப் படம், வீடியோவில் நடுவில் ஓரிடம் என்று ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஐஎஸ்ஓவை அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம். நான் அப்போதும் அழிப்பதில்லை. ஹார்ட்டிஸ்க் ஒன்றில் தனியாக வைத்துவிடுகிறேன்.

இணையத்தில் ஏற்றினால் மாற்றித் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றன. கல்யாணப் படமும் ஐசி (அடையாள அட்டை) நகலும் இருக்கிற ஐஎஸ்ஓவை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்ப எனக்கு மனம் வராது. மெதுவான இணையத்தில் 4 ஜிபியை ஏற்றி இறக்குவதற்குள் இங்கேயே மூன்று முறை முடித்துவிடலாம். இன்னொன்று: இன்வாய்ஸ், பார்சல் என்ற பெயரில் ஈமெயிலில் ஐஎஸ்ஓ வந்தால் திறக்கவே வேண்டாம். பில் அனுப்புகிறவர் வட்டுப் படிமமாக அனுப்ப மாட்டார். வைரஸ் அனுப்புகிறவர்கள் அப்படி அனுப்பியிருக்கிறார்கள்.

கடைசியாக மிஞ்சியது எம்டிஎஃப் என்ற இன்னொரு வகைப் படிமம். அதோடு எம்டிஎஸ் என்று ஒரு சின்ன ஜோடிக் கோப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. 2048-ஆல் வகுத்தேன், மிச்சம் வந்தது. 2352-ஆலும் வந்தது. 2448-ஆல் வகுத்தபோது மிச்சம் இல்லாமல் நின்றது. செக்டருக்கு 96 பைட் துணைத் தரவையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள். ஜோடி இருந்தால் வின்சிடிஈமு ஒரு சொடுக்கில் திறந்துவிடும். "உங்க பழைய கம்ப்யூட்டர் எங்கண்ணே?" என்று கேட்டேன். சுங்கை பட்டாணியில் தங்கை வீட்டு ஸ்டோரில் கிடக்கிறதாம். சனிக்கிழமை போய்த் தேடுகிறேன் என்றார். எட்டு கோப்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டேன், விண்டோஸ் வட்டையும் எண்ணியா என்று கேட்டுச் சிரித்தார். அதைக் கழித்து மீதியைத் திருப்பிக் கொடுத்தேன்.